காட்டு வயலட் (வயோலா பிலோசா)

காட்டு வயலட், இலங்கையின் மத்திய மலைநாட்டில் இயற்கையாக வளரும் பல்லாண்டுச் செடி. பழைய தாவர நூல்களில் இது வயோலா செர்பென்ஸ் என்ற பெயரில் இருக்கும். தமிழ் வைத்தியத்தில் பேர்போன ஓரிதழ்த்தாமரையும் இதே குடும்பம்தான். இமயமலையிலிருந்து சீனா, ஜாவா வரையிலும், தெற்கே நீலகிரி, பழனி மலைகளிலும் காட்டு வயலட் பரவியிருக்கிறது. வட இந்தியாவில் 'பனாஃப்ஷா' என்ற பெயரில் இருமல், சளிக்கு விற்கப்படும் உலர்பூக்களில் இதுவும் ஒன்று. இதற்காக இமயமலைச் சரிவுகளில் வேரோடு பிடுங்கப்படுவது வேதனையான சங்கதி.

செடி தரையோடு தரையாகப் படரும். இலை இதய வடிவம். விளிம்பில் சிறு பற்கள். தடவினால் மென்மயிர் கையில் படும். பூ வெளிர் ஊதா, சில வேளை வெள்ளை. ஐந்து இதழ்களில் கீழிதழ் மட்டும் பின்பக்கம் சிறு பையாக நீண்டு தேனை வைத்திருக்கும்; அதன் மேல் ஓடும் கருஊதா நரம்புகள் வண்டுக்கு வழி காட்டுகின்றன. இலைகளை விலக்கிப் பார்த்தால், மொட்டாகவே இருந்து விரியாமல் காய்க்கும் பூக்களும் தென்படும். அவை தமக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்கின்றன. மழையும் மூட்டமுமாக வண்டு வராத நாட்களிலும் விதைக்குக் குறையில்லாமல் போவது இதனால்தான். காய் மூன்றாகப் பிளக்கும். விதையில் ஒட்டியிருக்கும் கொழுப்புத் துணுக்குக்காக எறும்புகள் விதையைத் தூக்கிச் செல்லும்.

மலைநாட்டில் வேறு இரு வயலட்டுகளும் உண்டு. நீண்ட ஈட்டி இலையுடன் புல்வெளிகளில் நிற்பது வயோலா பெட்டோனிசிஃபோலியா. சதுப்பான இடத்தை விரும்புவது வயோலா ஹாமில்டோனியானா. கரும்புள்ளியிட்ட செம்மஞ்சள் சிறகுள்ள ஆர்ஜின்னிஸ் ஹைப்பர்பியஸ் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு வயலட் இலைகளைத் தின்றே வளர்கிறது. கருநிற உடலும், முதுகில் செம்மஞ்சள் கோடும், முள்ளு முள்ளான தோற்றமும் உள்ள அந்தப் புழுவைக் கண்டு மருந்து அடித்துவிடக் கூடாது. செடி திரும்பத் துளிர்க்கும். பூச்சிக்கோ வேறு இரை இல்லை.

மலைநாட்டு ஊரான ராகலையின் குளிர் காட்டு வயலட்டுக்கு ஏற்றது. வளர்ப்பில் கவனிக்க வேண்டியவை நிழலும் மண்ணும். காலை வெயில் பட்டு மதியத்தில் நிழல் விழும் இடம் நல்லது. லயத்தின் கிழக்குப் பக்கச் சுவரோரமோ, மரத்தடியோ போதும். தேயிலை மலை மண்ணை அப்படியே அள்ளிப் போடுவது சரியல்ல: அது அமிலம் மிகுந்த புளிப்பு மண், களைகொல்லி மிச்சமும் இருக்கலாம். மக்கிய இலையெரு இரண்டு பங்கு, மண் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு கலந்தால் வேர் இலகுவாக ஓடும். புளிப்பு அதிகமென்றால் கவ்வாத்துக்குப் போடும் டொலமைட்டில் ஒரு சிட்டிகை போதும். பசளை அள்ளிக் கொட்டினால் இலைதான் மண்டும், பூ குறையும்.

விதையை விட ஓடுதண்டே விரைவான வழி. தாய்ச்செடியிலிருந்து ஓடிய தண்டு கணுவில் வேர்விட்டதும், வேரோடு இரண்டு மூன்று இலையும் இருக்கும்படி வெட்டி நடலாம். மலைநாட்டின் கிழக்குச் சரிவில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் இதற்குத் தோது. ஆடி, ஆவணியில் வறண்ட கச்சான் காற்று அடிக்கும்போது இலைச்சருகு பரப்பி, மாலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். தை, மாசியில் உறைபனி விழும் பள்ளமான இடங்களில் இரவில் சாக்கால் மூடலாம். நத்தையை இரவில் கையால் பொறுக்குவதே உத்தமம். நெருக்கம் கூடினால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிரித்து நட வேண்டும்.

ஹோர்ட்டன் சமவெளி, ஹக்கல போன்ற காப்பு வனங்களிலிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றம். தோட்டத்துக் கான் ஓரத்திலோ மரக்கறித் தோட்ட வரப்பிலோ தானாக முளைத்திருப்பதில் ஒரு தண்டு கேட்டு வாங்கினால் போதும். நாளடைவில் பாத்தி முழுதும் படர்ந்துவிடும். வேர் வாந்தி வருவிக்கும், ஆதலால் கைவைத்தியத்துக்குத் தோண்டக் கூடாது.