யாருக்காகக் காக்கப்பட்டது வரையாடு? 1879ஆம் ஆண்டு நீலகிரி வேட்டைச் சட்டம்: ஒரு மறுவாசிப்பு

நீலகிரியில் வரையாடு இன்றும் எஞ்சியிருக்கிறதென்றால் அதற்கு ஆங்கிலேய வேட்டைக்காரர்களே காரணம் என்பது காட்டுயிர் வரலாற்றெழுத்தில் ஏறக்குறைய முடிந்த முடிபாகிவிட்டது. 1877இல் அவர்கள் அமைத்த வேட்டைச் சங்கமும், 1879இல் சென்னை மாகாண அரசு இயற்றிய நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டமும் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. சுடுபவரே காப்பவர் என்று இன்று டிராபி வேட்டைக்காக முன்வைக்கப்படும் வாதத்துக்கும் இது வாகான முன்னுதாரணம். ஆனால் சட்டத்தின் வாசகம் இந்த முடிபைத் தாங்குவதாக எனக்குத் தோன்றவில்லை.

சட்டம் மிகச் சிறியது. காட்டெருமை, கடமான், வரையாடு, கேளையாடு, பிற மான்கள், முயல், காட்டுக்கோழி, மயில், கௌதாரி, காடை என ஒரு பட்டியல் தருகிறது. அறிவிக்கப்பட்ட காலத்தில் இவற்றைக் கொல்வதும் பிடிப்பதும் விரட்டுவதும் விற்பதும் குற்றம். இதே சட்டம் மலைநீரில் கொண்டுவந்து விடப்பட்ட அயல்நாட்டு மீன்களுக்கும் காப்பளிக்கிறது. இயற்கைப் பாதுகாப்பு என்ற நோக்கில் மட்டும் படிப்பவர்கள் இந்த மீன்களை எங்கே வைப்பார்கள்? மலைக்கே உரிய வரையாடும் அண்மையில் வந்திறங்கிய மீனும் ஒரே சட்டத்தில் இடம்பெற, இரண்டும் பொழுதுபோக்குக்கு உதவின என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. புலியும் சிறுத்தையும் செந்நாயும் பட்டியலில் இல்லை. வேட்டைக்காரரின் பங்கைத் தின்னும் விலங்குகளுக்குக் காப்பு கிடையாது.

முகவுரை சொல்வது வேறு. உணவுக்குப் பயன்படும் விலங்குகளையும் பறவைகளையும் காப்பதே நோக்கம் என்கிறது அது. ஆகவே இது உணவு வளம் பற்றிய சட்டம், கொம்புக்கும் தோலுக்குமான வேட்டையோடு இதை முடிச்சுப் போடக்கூடாது என்று மறுக்கலாம். கவனத்துக்குரிய மறுப்புதான். ஆனால் தடைக்காலம் யாரை எப்படித் தொடுகிறது என்று பாருங்கள். சுவரில் மாட்டக் கொம்பு தேடி வரும் படை அதிகாரிக்குச் சில மாதக் காத்திருப்பு. தடை நீங்கியதும் அதே கிடா இன்னும் முதிர்ந்து, முதுகில் வெள்ளி பாய்ந்து அவருக்காக நிற்கும். கண்ணியும் வலையும் வைத்து அன்றாடக் கறி தேடுபவருக்கோ அது வயிற்றின் மீது விழுந்த தடை. விற்பனைத் தடையும் இறைச்சி விற்பவரைத்தான் பிடிக்கும்; கொம்பைக் கப்பலேற்றி ஊருக்குக் கொண்டுபோகிறவரைப் பிடிக்காது. உணவின் பெயரால் வந்த சட்டத்தின் முழுப் பாரமும் உணவுக்காக வேட்டையாடியவர் தலையில் இறங்குகிறது.

இங்கே ஒரு விதிவிலக்கைக் காட்டுவார்கள். நிலத்தின் உரிமையாளரோ அனுபவதாரரோ தம் பயிரைக் காக்க வேண்டியதைச் செய்வதை இச்சட்டம் தடுக்காது என்ற பகுதி அது. உள்ளூர் மக்களைச் சட்டம் மறக்கவில்லை என்பதற்கு இதையே சான்றாக்குகிறார்கள். நான் இதை நேர்மாறாகவே படிக்கிறேன். விலக்கு நிலத்தோடும் பயிரோடும் கட்டப்பட்டிருக்கிறது. காபித் தோட்டக்காரருக்கு அது கைகொடுக்கும். ஓரளவு படக விவசாயிக்கும் கைகொடுக்கும். காட்டையே வாழ்வாதாரமாகக் கொண்டு, கையில் பட்டா இல்லாத குறும்பருக்கும் இருளருக்கும் அதில் ஒரு வரியும் இல்லை.

கேரளத்தின் எரவிகுளத்தைச் சொல்லி இந்த வாசிப்பை முறியடிக்க முயல்வது வழக்கம். மூணாறு தோட்டக்காரர்களின் வேட்டைக்காடாக இருந்து 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆன அந்த மலையில்தான் வரையாடுகள் மிகுதியாகப் பிழைத்தன என்பது உண்மை. முதுவர் பழங்குடியினரே அங்கே காவலர்களாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் இந்தச் சான்று என் பக்கமே நிற்கிறது. எரவிகுளத்தில் புல்வெளி புல்வெளியாகவே விடப்பட்டது. நீலகிரியில் சட்டம் இருந்தும் புல்வெளியில் சீகையும் கற்பூர மரமும் நடப்பட்டன. வரையாடு மேற்கு விளிம்பில் முக்குருத்திப் பக்கம் ஒதுங்கியது. இரு மலையிலும் வேட்டை ஒழுக்கம் ஒன்றே, விளைவு வேறு. அப்படியானால் ஆட்டைக் காப்பாற்றியது வேட்டை ஒழுக்கமா, புல்லா? காரணங்கள் பல கலந்திருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் துப்பாக்கியை நெறிப்படுத்திவிட்டு நிலத்தை மறந்த ஒரு சட்டத்துக்கு இந்தப் பெருமையைத் தரமுடியாது.

முதிர்ந்த ஆணை மட்டும் சுட்டால் கேடில்லை என்ற பழைய வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. கனடாவின் ராம் மலையில் பெருங்கொம்பு ஆடுகளை முப்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளிவந்த ஆய்வு, பெரிய கொம்பைத் தேர்ந்து சுட்டதால் அடுத்தடுத்த தலைமுறைகளின் கொம்பே சிறுத்ததைக் காட்டிவிட்டது.

இன்றைய டிராபி வேட்டைக்குச் சான்றாகக் காட்டப்படும் நமீபியாவை 1879ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரிசையில் வைப்பது இன்னும் பெரிய பிழை. அங்கே 1996இல் வந்த சட்டத்திருத்தம் காட்டு விலங்குகள் மீதான பயன்பாட்டு உரிமையைச் சமூக நிலங்களில் வாழும் மக்களின் அமைப்புகளுக்குக் கொடுத்தது. வெளிநாட்டு வேட்டைக்காரர் அங்கே பணம் கட்டி வரும் விருந்தாளி. அவர் வரலாமா என்பதில் அந்த மக்களுக்குச் சொல் உண்டு. பணத்துக்காக ஒரு விலங்கைக் கொல்வது அறமா என்ற கேள்வி அப்போதும் தீராது, எனக்குத் தீரவில்லை. ஆனால் அது உரிமை பெற்றவர்கள் முன் எழும் கேள்வி. 1879இன் சட்டம் குறும்பரையும் இருளரையும் அந்த இடத்தில் நிறுத்தவே இல்லை.