அணிக்குத் தண்டனை கொடுத்தால் ஆட்டக்காரர் எங்கே போவார்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

டெக்சாஸில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் பேசினார். அங்கே கல்லூரிக் கூடைப்பந்து பெரிய விஷயமாம். "தப்பு பண்ணின காலேஜை புரொபேஷன்ல போட்டுடுவாங்க சார். அதுக்கப்புறம் நல்லா ஆடுற பிள்ளைங்க அந்தப் பக்கமே வர மாட்டாங்க. தப்பு பண்ணினவன் ஒருத்தன், அடி வாங்குறவன் இன்னொருத்தன். நம்ம ஊர்ல இப்படி உண்டா?" என்று கேட்டார்.

நமக்கு புரொபேஷன் என்றால் தகுதிகாண் பருவம். வேலையில் சேர்ந்த புதிதில் தலைமையாசிரியர் கண்ணில் படாமல் நடப்போமே, அந்தக் காலம். அங்கே அது வேறு. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு, விதியை மீறிய கல்லூரியைச் சில வருடம் கண்காணிப்பில் வைக்கும். அதோடு உதவித்தொகை இடங்களைக் குறைக்கும், பயிற்சியாளர் ஊர் ஊராகப் போய் மாணவர்களைப் பார்ப்பதைக் கட்டுப்படுத்தும், பெரிய போட்டிகளில் ஆட விடாது. கோவில்பட்டி ஹாக்கி விடுதியில் இடம் கிடைத்தால் ஒரு பையனின் வாழ்க்கை எப்படி மாறும் என்று நமக்குத் தெரியும். அந்த இடங்களில் இரண்டைக் குறைத்தால் யாருக்கு நஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊரில் உண்டா என்றால், உண்டு. எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் நாம் அதை இந்தக் கோணத்தில் பார்த்ததில்லை.

திருநெல்வேலிக்குப் போகும் வழியில் தாழையூத்து சங்கர் நகர் சிமெண்ட் ஆலையைப் பார்த்திருப்பீர்கள். 1949-இல் ஓடத் தொடங்கிய ஆலை. அந்த இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம்தான் 2008-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை வாங்கியது. 2013 மே மாதம் ஐ.பி.எல். சூதாட்ட விவகாரம் வெடித்தது. ராஜஸ்தான் அணியின் மூன்று ஆட்டக்காரர்கள் கைதானார்கள். சில நாட்களில் சென்னை அணித் தரப்பைச் சேர்ந்த குருநாத் மெய்யப்பனும் பந்தயம் கட்டியதாகக் கைதானார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. முத்கல் குழு விசாரித்தது. 2015 ஜனவரி 22-இல் நீதிபதிகள் டி.எஸ். தாக்கூர், கலிஃபுல்லா அமர்வு தீர்ப்புச் சொன்னது. என்ன தண்டனை என்று முடிவு செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி லோதா தலைமையில் மூவர் குழு அமைந்தது. அந்தக் குழு 2015 ஜூலை 14-இல் மெய்யப்பனுக்கும் ராஜஸ்தான் அணியின் ராஜ் குந்த்ராவுக்கும் கிரிக்கெட்டில் ஆயுள் தடை விதித்தது. இரண்டு அணிகளின் உரிமை நிறுவனங்களுக்கும் இரண்டு வருடம் இடைநீக்கம்.

நடந்தது 2013-இல். தண்டனை வருடங்கள் 2016-ம் 2017-ம். நடுவில் இரண்டு சீசன் சென்னை அணி ஆடிவிட்டது. 2015-இல் இறுதிப் போட்டிக்கே போனது. இந்த இடைவெளியை மனதில் வையுங்கள்.

இனி ஆட்டக்காரர்கள். வாரியம் என்ன செய்தது தெரியுமா? இரண்டு வருடத்துக்கு மட்டும் இரண்டு புதிய அணிகளை உருவாக்கியது. ஏலத்தில் புனே அணியை எடுத்தவர்கள், வாரியம் தரும் பங்குத் தொகையே வேண்டாம், வருடம் 16 கோடி நாங்களே தருகிறோம் என்றார்கள். ராஜ்கோட்டுக்காரர்கள் 10 கோடி. ஆட்டக்காரர் அந்த அளவுக்குத் தேவைப்பட்டார்கள். 2015 டிசம்பர் 15-இல் தடை பெற்ற இரண்டு அணிகளின் ஆட்டக்காரர்களிலிருந்து ஆளுக்கு ஐந்து பேரைப் பொறுக்கினார்கள். புனேக்கு தோனி, ரஹானே, அஸ்வின், ஸ்மித், டு பிளெஸ்ஸி. ராஜ்கோட்டுக்கு ரெய்னா, ஜடேஜா, மெக்கல்லம், பாக்னர், பிராவோ. முதல் ஆளுக்கு 12.5 கோடி, ஐந்தாவது ஆளுக்கு 4 கோடி. மற்ற எல்லோரும் பிப்ரவரி ஏலத்துக்குப் போனார்கள்.

ஆக, பெரிய ஆட்டக்காரர்களுக்குப் பெரிதாக நஷ்டமில்லை. இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவர்கள் தப்புச் செய்யவில்லையே. நஷ்டம் சேப்பாக்கத்தில் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்ற ரசிகருக்கு. அடுத்தது, யாரும் பெயர் சொல்லாத இளம் ஆட்டக்காரருக்கு.

பாபா அபராஜித்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பையன். சென்னை அணியில் இருந்தார், ஆட வாய்ப்பு வரவில்லை. தடைக்குப் பிறகு புனே அணிக்குப் போனார், அங்கேயும் வரவில்லை. ஒரு ஐ.பி.எல். ஆட்டம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. தடை இல்லாவிட்டால் கிடைத்திருக்குமா என்பது வேறு. ஒரே அணியில் வரிசையில் நின்றவன், வேறு வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதாயிற்று.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே 2016-இல்தான் டி.என்.பி.எல். தொடங்கியது. சங்கர் நகர் மைதானத்திலும் நத்தத்திலும் ஆட்டங்கள் நடந்தன. முதல் கோப்பை நம் தூத்துக்குடி அணிக்கு. அந்த அணியில் ஆடிய வாஷிங்டன் சுந்தர், அடுத்த வருடம் அஸ்வினுக்குக் காயம் என்றதும் அவருக்குப் பதிலாகப் புனேயில் சேர்ந்தார். வயது பதினேழு. திண்டுக்கல் அணியில் பந்து வீசிய சின்னப்பம்பட்டி நடராஜனை 2017 ஏலத்தில் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. சென்னை அணி கூடத்தில் இல்லாத வருடங்களில் நம் பிள்ளைகளை மற்றவர்கள் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். இடைநீக்கத்தின் உண்மையான வலி இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். இருந்த ஆட்களைத் திரும்பக் கூப்பிடலாம். எடுக்காமல் விட்ட ஆட்களை எப்படிக் கூப்பிடுவது?

இருந்தவர்களைக் கூப்பிட வழியும் செய்து கொடுத்தார்கள். 2015-இல் சென்னைக்கு ஆடி, 2017-இல் புனே அல்லது குஜராத்துக்கு (ராஜ்கோட் அணியின் பெயர் அதுதான்) ஆடியவர்களைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று 2017 டிசம்பரில் விதி வந்தது. மழை பெய்யாத வருடம் வைக்கோல் இருக்கிற ஊரில் சொந்தக்காரர் வீட்டில் மாட்டைக் கட்டிவிட்டு, மழை விழுந்ததும் ஓட்டி வருவோமே, அதே மாதிரி. தோனி 15 கோடி, ரெய்னா 11, ஜடேஜா 7. ராஜஸ்தான் ஸ்மித் ஒருவரை மட்டும் தக்கவைத்தது.

இங்கே ஒரு சிக்கல். தக்கவைப்பதும் ஏலத்தில் உரிமை காட்டி மீட்பதும் சேர்த்து, இந்தியாவுக்கு ஆடிய இந்தியர் மூன்று பேருக்கு மேல் கூடாது. சென்னை மூன்று பேரை ஏற்கெனவே எடுத்துவிட்டது. அதனால் அஸ்வினை மீட்க உரிமை இல்லை. பஞ்சாப் 7.6 கோடிக்குக் கொண்டுபோனது. அவர் திரும்பி வந்து சென்னைக்கு ஆடியது 2025-இல். வாஷிங்டன் பெங்களூருக்குப் போனார்.

இன்னொன்றும் கவனித்தேன். புனே அணிக்கு இரண்டு வருடமும் பயிற்சியாளர் சென்னையின் ஃபிளெமிங்தான். அங்கே இருந்த தீபக் சாஹர், ஷர்துல் தாக்கூர், இம்ரான் தாஹிர் மூவரும் 2018-இல் சென்னைக்கு வந்தார்கள். சாஹர் வெறும் 80 லட்சம். ஆள் பார்க்கும் கண் தடைக் காலத்திலும் மூடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 2018-இல் காவிரிப் போராட்டத்தால் ஓர் ஆட்டத்தோடு சேப்பாக்கம் ஆட்டங்கள் நின்று, மீதி புனேக்கே மாறியது ஒரு வேடிக்கை. மே 27-இல் வாட்சன் 117 அடித்து கோப்பை வந்தது.

இப்போது நம் டெக்சாஸ் மாணவருக்கு வருகிறேன். அவர் மாநிலத்திலேயே பேய்லர் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2003-இல் அதன் கூடைப்பந்து ஆட்டக்காரர் பேட்ரிக் டென்னஹி கொலை செய்யப்பட்டார். விசாரணையில் பயிற்சியாளர் பிளிஸ் விதிகளை மீறிப் பணம் கொடுத்தது வெளியே வந்தது. அவர் விலகினார். மாணவர்கள் விரும்பினால் வேறு கல்லூரிக்குப் போகலாம் என்றார்கள். நன்றாக ஆடியவர்கள் போய்விட்டார்கள். அவர்களில் ஜான் லூகாஸ் ஒக்லஹோமா ஸ்டேட்டில் சேர்ந்து அடுத்த வருடமே தேசியப் போட்டியில் கடைசி நான்கு அணிகள் வரை போனார். பேய்லருக்கு வந்த புதுப் பயிற்சியாளர் ஸ்காட் ட்ரூ, கல்லூரி மாணவர்களிலேயே யார் ஆடுகிறீர்கள் என்று கேட்டு ஆள் சேர்த்தார்.

என்.சி.ஏ.ஏ.வின் முழுத் தண்டனை வந்தது 2005-இல். 2005-06 சீசனில் தங்கள் பிரிவுக்கு வெளியே எந்த அணியோடும் ஆடக் கூடாது என்று உத்தரவு. மற்ற கல்லூரிகள் நவம்பரில் ஆடத் தொடங்க, பேய்லர் பிள்ளைகள் ஜனவரி வரை பயிற்சி மட்டும் செய்தார்கள். அவர்களில் பலர் 2003-இல் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள்.

இதுதான் வித்தியாசம். தோனிக்கு இரண்டு வருடம் புனே இருந்தது, சம்பளம் இருந்தது. கல்லூரி மாணவனுக்கு மொத்தமே நான்கு வருடம்தான். அப்போது சம்பளமும் கிடையாது. தண்டனையை மூன்று வருடம் தள்ளிக் கொடுத்தால், அது போய்ச் சேருவது வேறு பையனிடம். பயிற்சியாளருக்குத் தனியாகத் தடை உண்டு, அது சரி. உதவித்தொகை இடத்தில் கை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கல்லூரிக்கு வரும் பணத்தில் கை வைக்கட்டும்.

பேய்லர் 2008-இல்தான் மறுபடி தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. 2021 ஏப்ரலில் அதே ஸ்காட் ட்ரூவின் அணி கான்சாகாவை 86-70 என்று வென்று முதல் பட்டம் வாங்கியது. ஜனவரி வரை காத்திருந்த அந்தப் பிள்ளைகளுக்கு அதற்குள் முப்பத்தைந்து வயது ஆகியிருக்கும்.

2016-இல் சங்கர் நகர் மைதானத்துக்கு நேரில் போய் ஆட்டம் பார்த்தவர்கள் உங்களில் இருந்தால் எழுதுங்கள். வாஷிங்டன் ஆடியதைப் பார்த்தீர்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.