விரிக்கத் தெரிந்த கை

புறநானூற்றின் 95ஆம் பாடலை நாம் பெரும்பாலும் ஒளவையாரின் நகையாடலுக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். அதியமானுக்காகத் தூது சென்ற ஒளவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அங்குள்ள கருவிகள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவலோடு பளபளக்கின்றன. தன் தலைவனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லனின் சிறு குடிலில் கிடக்கின்றன என்கிறார் ஒளவை. புகழ்வது போலப் பழித்து, பழிப்பது போலப் புகழும் அந்த உத்தியை வகுப்பறைகளில் ஆண்டுதோறும் விளக்குகிறோம். ஆனால் அந்தக் கொல்லன் குடில் ஒரு பழுது நீக்கும் பட்டறை என்பதை நின்று யோசிப்பதில்லை. பயன்பட்ட கருவி எங்கே இருக்கும் என்று கேட்டால், செப்பனிடும் இடத்தில் இருக்கும் என்பதே ஒளவையின் விடை.

அதியமானின் தகடூர் இன்றைய தர்மபுரி. 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிக்கப்படும் வரை, ஒசூருக்குத் தெற்கே தேன்கனிக்கோட்டை வட்டத்தில் உள்ள கெலமங்கலமும் தர்மபுரி மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. கர்நாடக எல்லையை ஒட்டிய இந்தப் பகுதியின் அண்மைக்கால வரலாறு எழுதப்படும்போதெல்லாம் அது ஆலைகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. எந்த ஆண்டு எந்த நிறுவனம் வந்தது, எத்தனை ஏக்கர், எத்தனை வண்டிகள் என்பவையே அதில் இடம்பெறுகின்றன. அது தொண்டைமானின் கொட்டில் வரலாறு. கொல்லன் குடிலின் வரலாற்றுக்கு ஏடு இல்லை. அதனை எழுதத் தொடங்க ஒரு சிறு கருவி போதும் என்று நமக்குத் தோன்றுகிறது. எஞ்சின் பிஸ்டனில் வளையங்களை மாட்டவும் கழற்றவும் பயன்படும் 'ரிங் எக்ஸ்பேண்டர்' என்னும் கைக்கருவிதான் அது.

வளையத்தை முதலில் பார்ப்போம். எஞ்சினின் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடுகிறது. உருளைச் சுவரோடு அது முற்றாக ஒட்டியிருந்தால் சூட்டில் விரிந்து இறுகிவிடும். இடைவெளி விட்டாலோ எரிந்த வாயு கசிந்து விசை வீணாகும். இந்த முரணைத் தீர்ப்பதுதான் பிஸ்டன் வளையம். வார்ப்பிரும்பாலோ எஃகாலோ செய்யப்பட்டு, ஓரிடத்தில் வெட்டப்பட்டிருக்கும் அவ்வளையம், பிஸ்டனின் பள்ளத்தில் அமர்ந்து தன் வில்விசையால் சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. எரிபொருள் வெடிக்கும் கணத்தில் வாயுவே வளையத்தின் பின்புறம் புகுந்து அதனைச் சுவரோடு அழுத்துகிறது. தப்பிக்க முயலும் வாயுவையே தனக்குக் காவலாக்கிக்கொள்ளும் இந்த ஏற்பாடு நமக்கு என்றும் வியப்பளிப்பது. பிஸ்டனின் சூட்டைச் சுவருக்குக் கடத்துவதும், சுவரில் படியும் எண்ணெயை அளவாக வழித்துவிடுவதும் வளையங்களின் பிற பணிகள்.

ஜேம்ஸ் வாட் காலத்து நீராவி எஞ்சின்களில் இந்த வேலையைச் செய்தது கொழுப்பில் ஊறிய சணல் திரி. அது விரைவில் கருகித் தேயும். அடிக்கடி மாற்ற வேண்டும். 1852இல் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கிலேய ரயில்வே பொறியாளர், ஓரிடத்தில் வெட்டிய உலோக வளையத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1854இல் இயந்திரப் பொறியாளர் கழகத்தில் அதுகுறித்துக் கட்டுரை வாசித்தார். உருளையின் விட்டத்தைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பெரிதாக வளையத்தைச் செய்து, அதை ஒடுக்கி உள்ளே அனுப்பினால், அது விரிய முயன்றுகொண்டே சுவரைத் தொட்டு நிற்கும் என்பதே அவர் கண்ட எளிய உண்மை. நீராவி போய் டீசலும் பெட்ரோலும் வந்த பிறகும் அந்த உண்மை மாறவில்லை.

இந்த வளையம் நமது வட்டாரத்துக்குள் முதலில் ஓடி வந்தது தண்டவாளத்தின் மீதுதான் எனலாம். மொரப்பூரிலிருந்து தர்மபுரி வரை 1906இல் திறக்கப்பட்ட குறுகிய ரயில் பாதை 1913இல் ஒசூர் வரை நீண்டது. அதில் ஓடிய நீராவி எஞ்சின்களின் உருளைகளுக்குள் ராம்ஸ்பாட்டத்தின் வாரிசுகள் உராய்ந்துகொண்டிருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், அப்பாதை மூடப்பட்டது. பின்னர் வளையம் சாலை வழியாகவும் வயல் வழியாகவும் திரும்பி வந்தது. மின்சாரம் எட்டாத கிணறுகளில் தண்ணீர் இறைத்த ஆயில் எஞ்சின்களிலும், பேருந்துகளிலும், மைசூர்ப் பக்கம் சரக்கேற்றிச் சென்ற லாரிகளிலும் அது இருந்தது. 1970களில் ஒசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவாயிற்று. 1980இல் அங்கே அசோக் லேலண்ட் ஆலை தொடங்கியது. அதே ஆண்டில் டிவிஎஸ் 50 மொபெட்டும் ஒசூரிலிருந்து புறப்பட்டது. ஒன்று பெரும் டீசல் எஞ்சின், மற்றொன்று ஐம்பது சிசிக்குள் அடங்கும் சிற்றெஞ்சின். இரண்டுக்கும் உயிர்நாடி வளையமே.

அந்த வளையங்களை வார்ப்பதற்கும் தென்னாட்டிலேயே ஆலைகள் எழுந்தன. 1949இல் சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கப்பட்டது. பெங்களூரின் எலகங்காவில் கோயட்ஸே ஆலை வந்தது. 1991இல் ஐபி ரிங்ஸ் நிறுவப்பட்டு மறைமலைநகரில் ஆலை அமைத்தது. இவையெல்லாம் பதிவான செய்திகள். ஆனால் அட்டைப் பெட்டியில் எண்ணெய்த் தாள் சுற்றி வந்த அந்த 'ரிங் செட்'டை யார் பிரித்தார், எந்தக் கை மாட்டியது என்பது எங்கும் பதிவாகவில்லை.

மாட்டும் வேலையின் நுட்பத்தை விளங்கிக்கொள்ள வளையல்காரரை நினைத்துக்கொள்ளலாம். கண்ணாடி வளையல் விரியாது. ஆகவே வளையல்காரர் கையைக் குவித்து, அமுக்கி, வளைந்துகொடுக்கச் செய்து ஏற்றுகிறார். இங்கே நிலைமை தலைகீழ். பிஸ்டன் வளைந்துகொடுக்காது, வளையம்தான் விரிய வேண்டும். வார்ப்பிரும்பின் குணமோ நமக்குத் தெரிந்ததே. அழுத்தத்தை எவ்வளவும் தாங்கும், வளைத்தால் முறியும். பிஸ்டனின் தலையைத் தாண்டுவதற்கு வேண்டிய அளவுக்குமேல் ஒரு நூல் விரித்தாலும் வளையம் 'டக்'கென்று இரண்டாகலாம். முறிவது கூட நல்லதுதான், கண்ணுக்குத் தெரிந்துவிடும். முறியாமல் முறுக்கிக்கொண்டால்தான் கேடு. திருகிய வளையம் பள்ளத்தில் தட்டையாக அமராது. வண்டி கூடிய பின்னரே அது எண்ணெயைக் குடிக்கும், நீலப்புகை விடும்.

ரிங் எக்ஸ்பேண்டர் இந்த ஆபத்துக்கு விடையாகப் பிறந்தது. பார்வைக்கு அது ஒரு குறடு போன்றது. ஆனால் சாதாரணக் குறட்டின் பிடியை அமுக்கினால் வாய் மூடும். இதன் பிடியை அமுக்கினால் வாய் திறக்கும். அதன் இரு முனைகளும் வளையத்தின் வெட்டுவாயில் பொருந்துகின்றன. நல்ல வகைகளில் வளையத்தை வெளியே அணைத்துக்கொள்ள ஒரு வளைந்த தகடும் இருக்கும். விரியும்போது வளையம் கோணாமல் வட்டமாகவே விரிய அது உதவுகிறது. சிலவற்றில் குறித்த அளவுக்குமேல் விரியாதபடி தடுக்கும் திருகாணியும் உண்டு. அந்தத் திருகாணியைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒரு மேஸ்திரி எத்தனையோ வளையங்களை முறித்துக் கற்றுக்கொண்ட அளவு அங்கே இரும்பில் எழுதப்பட்டிருக்கிறது. இதற்கு எதிர்த்தொழில் செய்வது 'ரிங் கம்ப்ரஸர்'. வளையங்கள் மாட்டிய பிஸ்டனை உருளைக்குள் இறக்கும்போது, அவற்றை ஒடுக்கிப் பிடிக்கும் எஃகுத் தகட்டுப் பட்டை அது. பட்டையை இறுக்கி, சுத்தியலின் மரப்பிடியால் மெல்லத் தட்டினால் பிஸ்டன் உள்ளே வழுக்கிச் செல்லும்.

சாலையோரப் பட்டறைகளில் இக்கருவிகள் எப்போதும் இருந்தன என்று எண்ணிவிடக் கூடாது. இரு கட்டைவிரல்களால் வெட்டுவாயைத் தள்ளி, மற்ற விரல்களால் வளையத்தின் முதுகைத் தாங்கி ஏற்றுவதே வழக்கமாக இருந்தது. வளையத்துக்கு அடியில் மெல்லிய தகரத் துண்டுகளைச் செருகி, பள்ளங்களின் மேல் சறுக்கிக்கொண்டு போவது மற்றொரு வழி. கம்ப்ரஸர் இல்லாத இடத்தில் டின் தகட்டைச் சுற்றிக் கிளிப் போட்டு இறுக்கினார்கள். முறிந்த பழைய வளையமும் வீணாவதில்லை. பள்ளத்தில் படிந்த கரியைச் சுரண்ட அதைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை.

மேஸ்திரியின் வேலை ஒழுங்கைக் கவனித்தால் அதில் ஓர் இலக்கணமே இருப்பது தெரியும். வளையத்தை முதலில் உருளைக்குள் வைத்து, பிஸ்டனைக் கவிழ்த்துத் தள்ளி நேராக்கி, வெட்டுவாயின் இடைவெளியை அளக்க வேண்டும். நூறு மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைக்கு அது ஏறத்தாழ 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். குறைந்தால், சூட்டில் முனைகள் முட்டி வளையம் முறியும், சுவர் கீறும். அடியிலுள்ள ஆயில் ரிங் முதலில், மேல் வளையம் கடைசியில். குறியிட்ட பக்கம் மேல்நோக்கி இருக்க வேண்டும். வெட்டுவாய்கள் ஒரே நேர்கோட்டில் வரலாகாது. மூன்று வளையமானால் முக்கோணமாகத் திருப்பி வைக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் மட்டும் பள்ளத்திலேயே ஒரு சிறு முளை இருந்து வளையத்தைச் சுழலவிடாமல் நிறுத்தும். சுழன்றால் அதன் முனை உருளைச் சுவரின் துளைகளில் சிக்கிவிடும்.

தமிழ் இலக்கணம் மூன்றாம் வேற்றுமையில் வினைமுதலையும் கருவியையும் சேர்த்தே வைத்தது. 'மேஸ்திரியால் மாட்டப்பட்டது' என்றாலும் 'குறட்டால் மாட்டினார்' என்றாலும் உருபு ஒன்றே. தொல்காப்பியர் காலத்திலிருந்து வரும் இந்த அமைப்பு பட்டறையில் நிற்கும்போதுதான் முழுப்பொருள் தருகிறது. விரலில் இருந்த அறிவு கருவிக்குப் போகிறது; கருவி கற்பித்த அளவு விரலுக்குத் திரும்புகிறது. எது செய்தது, யார் செய்தார் என்று பிரிப்பது எளிதல்ல.

இங்கே அறம் சார்ந்த ஒரு செய்தியும் உண்டு. எஞ்சினை மூடிய பிறகு வளையத்தை யாரும் பார்க்க முடியாது. அது திருகியிருக்கிறதா, வெட்டுவாய்கள் ஒரே வரிசையில் நிற்கின்றனவா என்று வண்டிக்காரரால் சொல்ல முடியாது. கடன் வாங்கி 'ஓவராயில்' செய்த லாரி உரிமையாளரோ, தக்காளியைச் சந்தைக்கு ஏற்றும் விவசாயியோ முழுக்க அந்தக் கையை நம்பியே பணம் கொடுக்கிறார். காணாத இடத்தில் ஒழுங்காகச் செய்வதுதான் கைத்தொழிலின் நேர்மை என்றால், பிஸ்டன் வளையத்தைவிடக் கடுமையான உரைகல் வேறு உண்டா?

கெலமங்கலம் போன்ற எல்லையூர்களுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே பட்டறையில் புழங்குகின்றன. நாம் சுத்தியல் என்பதைத் தெலுங்கர் 'சுத்தி' என்பர். கன்னடியர் 'சுத்திகெ' என்பர். பழைய கருவிக்கு மூன்று மொழியிலும் உறவுச்சொல் இருக்கிறது. புதிய கருவியோ நான்கு மொழியினருக்கும் 'ரிங்'தான். பாடநூல்கள் பிஸ்டனுக்கு 'உந்துதண்டு' என்று நல்ல சொல்லாக்கின. பட்டறை அதை எடுத்துக்கொள்ளவில்லை. இதனைத் தமிழின் தோல்வியாக மட்டும் கருத வேண்டியதில்லை. சொல்லை ஆக்கியவரும் வேலையைச் செய்தவரும் சந்திக்கவே இல்லை என்பதன் அடையாளமாகவும் கருதலாம்.

இப்போது இவை ஏன் எழுதப்பட வேண்டும்? காலம் குறுகிவிட்டது என்பதே காரணம். மொபெட்டின் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பதிலாக 2015இல் எக்ஸ்எல் 100 என்னும் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி வந்தது. அதன் வளையங்களும் வேறு வகை. இன்றைய பல எஞ்சின்களின் ஆயில் ரிங் மூன்று துண்டுகளாக வருகிறது. அதன் மெல்லிய தகடுகளை விரலாலேயே சுருளாகச் சுற்றி ஏற்றிவிடலாம், எக்ஸ்பேண்டர் வேண்டாம். 2020இல் ஒசூரின் டிவிஎஸ் நிறுவனம் ஐகியூப் என்னும் மின்வண்டியை வெளியிட்டது. 2021இல் ஒசூரில் ஏத்தர் ஆலையும், இதே மாவட்டத்தின் போச்சம்பள்ளியில் ஓலா ஆலையும் மின்வண்டிகளைச் செய்யத் தொடங்கின. மின்மோட்டாரில் பிஸ்டன் இல்லை; ஆகவே வளையமும் இல்லை. டிவிஎஸ் 50 புறப்பட்ட ஆண்டுக்கும் ஐகியூப் வந்த ஆண்டுக்கும் இடையே சரியாக நாற்பது ஆண்டுகள், அதாவது ஒரு மேஸ்திரியின் உழைப்புக்காலம். லாரிகளும் டிராக்டர்களும் இன்னும் டீசலில்தான் ஓடுகின்றன. வளையம் நாளையே மறைந்துவிடாது. ஆனால் இந்தக் கைவேலையைக் கற்க வரும் இளைஞன் எதனை நம்பி வருவான் என்ற கேள்வி எழுந்துவிட்டது.

மாற்றத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. புகை குறைவது நன்றே. சணல் திரியை மாற்றிய கைகள் உலோக வளையத்துக்குப் பழகியது போல, இன்றைய கைகளும் வேறொன்றுக்குப் பழகும். ஆனால் சணல் திரி மாற்றியவர்கள் பெயரற்றுப் போனது போலவே இவர்களும் போக வேண்டுமா? ஆலைகளுக்கு ஆண்டறிக்கைகள் இருக்கின்றன. பட்டறைகளுக்கு இருப்பவை எண்ணெய்க் கறை படிந்த கணக்கு நோட்டுகளும், மேஸ்திரிகளின் பேச்சும் மட்டுமே. தமிழ் படித்தோர் தத்தம் ஊர்ப் பட்டறைக்குச் சென்று, அங்குள்ள கருவிகளின் பெயரையும், அவற்றைப் பிடிக்கும் முறையையும், அதற்கென வழங்கும் சொற்களையும் கேட்டு எழுதி வைப்பது கடினமான காரியமன்று. ஒரு வளையத்தை எவ்வளவு விரிக்கலாம் என்று கேட்டே தொடங்கலாம்.