ஊர் தேடிச் சென்ற பல்கலைக்கழகம்



பல்கலைக்கழகம் என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது உயர்ந்த கட்டடங்களும் பெரிய வாயிலும்தாம். அந்த வாயிலை நாடி நாம் போகவேண்டுமே ஒழிய, அது நம்மை நாடி வராது என்பது பொதுவான எண்ணம். ஆனால் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு, இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் தன் வாயிலைக் கடந்து வெளியே வந்தது. ஆலைத் தொழிலாளரையும் சுரங்கத் தொழிலாளரையும் தேடிச் சென்று விஞ்ஞானம் கற்பித்தது. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அக்காலத்து இங்கிலாந்தின் நிலையை முதலில் நினைவிற் கொள்வோம். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு ஆகிய இரு பழம்பெரும் பல்கலைக்கழகங்களிலும் பயின்றவர்கள் பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளே. 1871 ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரையில், அங்கே பல பதவிகளைப் பெறுவதற்குச் சமயச் சோதனையும் இருந்தது. பெண்களுக்குப் பட்டம் இல்லை. ஏழை மக்களுக்கென்று பொதுப் பணத்தில் பள்ளிகள் நிறுவ வழிசெய்த சட்டம் 1870 இல்தான் பிறந்தது. அப்பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளிற் பலர், பத்துப் பன்னிரண்டு வயதிலேயே புத்தகத்தை மூடிவிட்டு வேலைக்குப் போயினர். நட்சத்திரங்கள் எவ்வாறு இயங்குகின்றன, நிலக்கரி எவ்வாறு உண்டாயிற்று என்று அறியும் ஆவல் அவர்களுக்கு இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஆவலைக் கொண்டுபோய்ச் சேர்க்க இடம் ஏது?

இந்த நிலையை மாற்ற முனைந்தவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். ஸ்காட்லாந்தில் 1843 இல் பிறந்த இவர், கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியில் ஆசிரியராய் இருந்த இளைஞர். 1867 இல் வட இங்கிலாந்துப் பெண்கள் சிலர் இவரை அணுகி, கற்பிக்கும் கலையைப் பற்றித் தங்களுக்குப் பேசவேண்டும் என்று கேட்டனர். அவர்களிற் பலர் ஆசிரியைகள். ஸ்டூவர்ட் என்ன செய்தார் தெரியுமா? கற்பிப்பது எப்படி என்று பேசுவதைவிட, ஒரு பொருளை நன்றாகக் கற்பித்துக் காட்டுவதே மேல் என்று கருதி, வான சாஸ்திரத்தை எடுத்துக்கொண்டார். லீட்ஸ், லிவர்பூல், மான்செஸ்டர், ஷெபீல்டு ஆகிய நான்கு நகரங்களிலும் அச்சொற்பொழிவுகள் நடந்தன.

இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. இளம் பெண்கள் ஓர் இளைஞரோடு நேருக்கு நேர் வினாவும் விடையுமாகப் பேசுவது முறையன்று என்பது அக்காலத்துக் கருத்து. ஆகவே ஸ்டூவர்ட் வினாக்களைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தார். மாணவியர் விடைகளை எழுதி அனுப்பினர். அவர் திருத்தி மீட்டும் அனுப்பினார். சமூகத் தடையொன்றே ஒரு நல்ல போதனா முறைக்கு வித்தாயிற்று!

இன்னொரு முறை, ராச்டேல் நகரத்தில் பிறந்தது. அங்கே கூட்டுறவுச் சங்கத்துத் தொழிலாளருக்கு அவர் பேசிவந்தார். ஒருநாள் அவசரமாகப் புறப்பட நேர்ந்ததால், சுவரில் மாட்டியிருந்த விளக்கப் படங்களைக் கழற்றாமல் அடுத்த வாரம் வரையில் அப்படியே விட்டுச் சென்றார். மறு வாரம் வந்தபோது மண்டபக் காவலர், படங்களை விட்டுப் போனது மிக நல்ல காரியம் என்றார். உறுப்பினர்கள் அவற்றைப் பார்த்துத் தமக்குள் வாதித்து, பல கேள்விகளோடு காத்திருந்தனர். அன்று முதல் சொற்பொழிவுக்கு முன்னரே கேள்வி வகுப்பு நடத்துவது வழக்கமாயிற்று. ஆசிரியர் பேச மாணவர் கேட்பது ஒரு பாதி. மாணவர் கேட்க ஆசிரியர் விளக்குவது மறு பாதி. இரண்டும் கூடினால்தான் விஞ்ஞானம் உள்ளத்தில் ஊன்றும் என்பதே என் எண்ணம்.

ஸ்டூவர்ட்டின் வேண்டுகோளை ஏற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1873 இல் இப்பணியைத் தன் பொறுப்பிலேயே மேற்கொண்டது. நாட்டிங்காம், டெர்பி, லெஸ்டர் ஆகிய நகரங்களில் முதல் வகுப்புகள் தொடங்கின. பாடத்திட்டம், சொற்பொழிவு, கேள்வி வகுப்பு, வாரந்தோறும் எழுத்துப் பயிற்சி, முடிவில் தேர்வு என ஒழுங்குடன் நடந்ததால், இது வெறும் பொழுதுபோக்காய் முடியவில்லை.

விளைவைக் கேளுங்கள். நாட்டிங்காமில் எழுந்த ஆர்வம் 1881 இல் ஒரு கல்லூரியாக உருப்பெற்றது. அதுவே 1948 இல் பல்கலைக்கழகமாயிற்று. ஷெபீல்டில் 1879 இல் பர்த் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் அருகிலேயே நகரக் கல்விச் சபையார் தங்கள் மத்தியப் பள்ளியை அமைத்தனர். பொதுப் பள்ளியில் படித்த சிறுவன் பக்கத்துக் கட்டடத்தில் உயர் கல்வியைக் கண்ணால் காண முடிந்தது. அந்தக் கல்லூரியின் வழிவந்ததே 1905 இல் தோன்றிய ஷெபீல்டு பல்கலைக்கழகம்.

ஆனால் இந்த வரலாற்றில் துயரமான பகுதியும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. நார்தம்பர்லாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர், 1880களின் தொடக்கத்தில் இவ்வகுப்புகளை ஆர்வத்தோடு வரவேற்றனர். சகோதரர் இருவர், வகுப்பு நடந்த ஊருக்கு ஐந்து மைல் தொலைவிலிருந்து வந்தனர். வருவதற்கு இரயில் இருந்தது. திரும்புவதற்கு வசதியான இரயில் இல்லை. மூன்று மாத காலம் வாரந்தோறும் இருட்டிலும் சேற்றிலும் நடந்தே வீடு திரும்பினர். ஒருநாள் புயலில் வழிதவறி, இடுப்பளவு நீரில் சிக்கினர். எனினும் தேர்வில் சிறப்புற்றனர். பின்னர்த் தங்கள் கிராமத்திலேயே வகுப்பு நடக்கவும் வழிசெய்தனர்.

இத்தகைய ஆர்வத்துக்கு என்ன நேர்ந்தது? 1887 இல் கூலிக் குறைப்பை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர் நீண்ட வேலைநிறுத்தம் செய்தனர். வகுப்புச் செலவை உள்ளூர் மக்களே ஏற்கவேண்டும் என்பது ஏற்பாடு. உணவுக்கே பணமில்லாதபோது வகுப்புக்கு எங்கே போவது? வகுப்புகள் நின்றன. ஆசிரியர் இருந்தார், மாணவர் இருந்தனர், ஆவலும் இருந்தது, பணம் ஒன்றுதான் இல்லை. ஏழைகளுக்குக் கல்வியில் நாட்டமில்லை என்று யாரேனும் சொன்னால், அந்தச் சகோதரர் இருவரையும் நீங்கள் நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றே ஆண்டுகளில், வேடிக்கையான முறையில் உதவி வந்தது. மதுவரி வருமானத்தில் ஒரு பகுதியை, உரிமம் இழக்கும் மதுக்கடைக்காரருக்கு ஈடாகக் கொடுக்க அரசாங்கம் கருதியிருந்தது. எதிர்ப்பு எழவே, 1890 இல் அத்தொகை மாவட்ட மன்றங்களுக்குப் போயிற்று. தொழிற்கல்விக்கு அதைச் செலவிடலாம் என்றும் விதிக்கப்பட்டது. மக்கள் அதை ‘விஸ்கிப் பணம்’ என்றே அழைத்தனர். அந்தப் பணத்தின் உதவியால் பல கிராமங்களில் இரசாயனமும் பிற விஞ்ஞானப் பாடங்களும் கற்பிக்கப்பட்டன.

நண்பர்களே, இவ்வரலாறு கூறும் பாடம் இரண்டு. அறிவைப் பெற்றவர், பெறாதவரிடம் தாமே செல்லவேண்டும், இது ஒன்று. அப்படிச் செல்வது சில நல்லோரின் கருணையையும், கற்போரின் கைக்காசையும் மட்டுமே நம்பியிருக்கக் கூடாது, பொதுப் பணம் அதற்குத் துணை நிற்கவேண்டும், இது மற்றொன்று. நீங்கள் நாளை ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் அமரும் பேறு பெற்றால், உங்கள் ஊர்ப் பள்ளியின் வழியை மறவாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அங்கே சென்று ஒரு விளக்கப் படத்தைச் சுவரில் மாட்டுங்கள். போகும்போது அதைக் கழற்றிக்கொண்டு வராதீர்கள்!