எதிரே வருபவரின் கண்: முகப்பு விளக்கின் வரலாற்றில் இரண்டு சொற்கள்

1905 ஆகஸ்ட் 5 அன்று பெங்களூரு நகரச் சந்தைப் பகுதியில் மின்சாரத் தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுக்கப்பட்ட மின்சாரம் 1902இல் முதலில் கோலார் தங்கவயலுக்குப் போயிற்று. நகரத் தெருவுக்கு வர மேலும் மூன்றாண்டுகள் ஆயின. அக்காலத்து மோட்டார் வண்டிகளின் முகப்பில் பெரும்பாலும் எரிந்தது கார்பைடு கல்லில் நீர் சொட்டுவதால் பிறக்கும் அசிட்டிலீன் வாயு. தெரு மின்சாரத்துக்கு மாறிய பின்னும் வண்டி வாயுவிலேயே நின்றது.

இவ்விரு வெளிச்சங்களும் இயல்பில் வேறானவை. தெருவிளக்கு அனைவருக்கும் பொதுவானது. முகப்பு விளக்கோ ஒருவருக்கு வழி காட்டும்போதே எதிரே வருபவரின் பார்வையைப் பறிக்கக்கூடியது. ஆகவே அதன் வரலாற்றில், வெளிச்சத்தைக் கூட்டிய கதைக்கு நிகராக, கூட்டிய வெளிச்சத்தை அடக்கிய கதையும் உண்டு.

1913இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் டைனமோ, மின்கலம், விளக்கு ஆகியவற்றை ஒரே தொகுதியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. மின்விளக்கு பரவியதும் கண்கூச்சம் பெருஞ்சிக்கலாயிற்று. 1920களின் நடுவில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகளை வைக்கும் முறை வந்தது: ஒன்று நெடுந்தொலைவுக்கு, மற்றொன்று தாழ்ந்த ஒளிக்கு. இழையை மாற்றும் பொத்தான் பல வண்டிகளில் ஓட்டுநரின் இடது காலடியில் இருந்தது. பழைய அம்பாசடர் ஓட்டியவர்கள் அதை மறந்திருக்கமாட்டார்கள்.

இங்குதான் சொற்களின் வரலாறு குறுக்கிடுகிறது. தாழ்ந்த ஒளிக்கு மாறுவதை பிரிட்டிஷ் ஆங்கிலம் 'டிப்' என்றது; அமெரிக்க ஆங்கிலம் 'டிம்' என்றது. முன்னது திசையைக் குறிக்கும்: ஒளியைக் கீழே சாய்த்தல். பின்னது அளவைக் குறிக்கும்: ஒளியை மங்கச் செய்தல். நம் சாலைப்பேச்சு இரண்டையும் ஏற்றுக்கொண்டது. 'டிப்பர் அடி' என்றும் 'டிம் பண்ணு' என்றும் ஒரே செயலுக்குச் சொல்கிறோம். ஆனால் இயந்திரத்தின் உண்மைக்கு நெருக்கமானது 'டிப்' மட்டுமே.

1971இல் அறிமுகமாகி இந்திய வண்டிகளில் நெடுங்காலம் கோலோச்சிய எச்4 ஹாலஜன் பல்பு இதற்குச் சான்று. அதன் உயர் ஒளி இழை 60 வாட். தாழ் ஒளி இழை 55 வாட். வேறுபாடு ஐந்தே வாட். தாழ் ஒளி இழையின் அடியில் சிறு உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். அது ஒளியைப் பிரதிபலிப்பானின் கீழ்ப்பாதிக்குப் போகவிடாமல் தடுக்கும். மேற்பாதியில் பட்டுத் திரும்பும் ஒளி சாலையை நோக்கிச் சாயும். மங்குவதால் அன்று, சாய்வதால்தான் அது எதிரே வருபவரைக் காக்கிறது.

இந்த வேறுபாடு மறக்கப்பட்டபோதெல்லாம் தீர்வுகளும் தடம் மாறின. முகப்பு விளக்கின் மேற்பாதியில் கறுப்பு வண்ணம் பூசுவது, நடுவில் கறுப்புப் பொட்டு வைப்பது ஆகிய வழக்கங்கள் நாடெங்கும் இருந்தன. அவை ஒளியைக் குறைத்தன, திசையைத் திருத்தவில்லை.

சட்டமோ திசையின் மொழியிலேயே பேசுகிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், அதன் வலப்புறம் 0.5 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணை வைத்துப் பார்க்கிறது. தாழ்ந்த ஒளி அந்தக் கண்ணைக் கூசச் செய்யலாகாது. ஓட்டுநருக்கு எவ்வளவு தெரிகிறது என்பதை அவ்விதி அங்கே கேட்கவில்லை. யாரென்று தெரியாத ஒருவரின் கண்ணே அளவுகோல்.

அந்த அளவுகோல் எவ்வளவு நுட்பமானது என்பதை எளிய கணக்கு காட்டும். தாழ்ந்த ஒளி 10 மீட்டருக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் இறங்கவேண்டும் என்பது பரவலான நெறி. தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளக்கின் ஒளிவிளிம்பு 50 மீட்டரில் 15 சென்டிமீட்டர் உயரத்தில், கணுக்காலருகே இருக்கும். விளக்கு ஒரே ஒரு டிகிரி மேலே திரும்பினால் அதே இடத்தில் விளிம்பு ஒரு மீட்டரைத் தாண்டி, எதிர்க் காரோட்டியின் கண்மட்டத்தை நெருங்கிவிடும். பின்பெட்டியில் சுமை ஏற்றினாலே வண்டியின் மூக்கு உயரும். பல கார்களில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட திருகு இருப்பது இதற்காகத்தான். அதைத் தொடாமலே வண்டியை விற்றவர்களும் உண்டு.

பெங்களூரு ஜே.சி. சாலை போன்ற உதிரிப்பாகச் சந்தைகளில் இன்று எளிதாகக் கிடைக்கும் எல்இடி பல்பு, ஹாலஜனுக்காக வடிக்கப்பட்ட பிரதிபலிப்பானுக்குள் பொருத்தப்படுகிறது. ஒளி பிறக்கும் புள்ளி இழை இருந்த இடத்தில் துல்லியமாக அமையாவிட்டால் விளிம்பு சிதறும். ஒளி எல்லாத் திசையிலும் பாயும். 2024 ஜூலையில் கர்நாடகக் காவல்துறை கண்கூசும் எல்இடி விளக்குகளுக்கு எதிராக மாநிலமெங்கும் சிறப்பு நடவடிக்கை மேற்கொண்டது இந்தப் பின்னணியில்தான்.

பல்பை மாற்றுவோரிடம் நியாயமான குறை ஒன்று உண்டு: பழைய விளக்கில் பாதை தெரியவில்லை. ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் பல்பன்று. வெயிலில் மஞ்சளேறிய பாலிகார்பனேட் மூடி, துருவேறிய எர்த் இணைப்பு, நீண்ட கம்பியில் இழக்கப்படும் வோல்டேஜ், மங்கிய பிரதிபலிப்பான், தாழ்ந்துபோன சாய்வு ஆகியவற்றை முதலில் பார்க்கவேண்டும். மூடியைத் துலக்கி, ரிலே வைத்து, சமதளத்தில் சுவரெதிரே நிறுத்திச் சாய்வைச் சரிசெய்தால் 55 வாட்டே பல வண்டிகளுக்குப் போதும்.

'டிம்' என்ற சொல் அந்த 55 வாட்டைக் குறைந்த வெளிச்சம் என்று நம்பவைத்தது. குறைந்ததைக் கூட்டவேண்டும் என்ற ஆசை அங்கிருந்தே கிளைத்தது. 'டிப்' என்ற சொல்லில் குறைவு ஏதுமில்லை. எதிரே ஒருவர் வருகிறார் என்ற நினைவு மட்டுமே இருக்கிறது.