எழுதப்படாத வசனம்: திருச்சி மேடையும் எம்.ஆர். ராதாவின் நடிப்புமுறையும்

எம்.ஆர். ராதா (1907–1979) அரை நூற்றாண்டுக்கு மேல் மேடையில் இருந்தவர். திரையில் 1937இல் தலைகாட்டி, இடையில் நீண்ட காலம் விலகி, 1954க்குப் பிறகுதான் அங்கே நிலைபெற்றார். இன்றைய தலைமுறைக்குத் தெரிந்தவர் இந்தப் பிற்காலத் திரை ராதா மட்டுமே. மேடையில் அவர் நிகழ்த்தியதில் பெரும்பகுதி அந்தந்த இரவோடு முடிந்துபோயிற்று. இதனால் அவரைப் பற்றிய மதிப்பீடுகள் இரண்டு தடங்களில் ஓடுகின்றன. ஒன்று அவரைப் பகுத்தறிவுப் பிரச்சாரகராகக் காண்கிறது. அங்கே கொள்கைதான் பேசப்படுகிறது, நடிப்பு பேசப்படுவதில்லை. மற்றொன்று வினோதக் குரல் கொண்ட வில்லனாகவும் நகைச்சுவை நடிகராகவும் காண்கிறது. அங்கே நடிப்பு உண்டு, அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இல்லை. இரண்டுமே ஒரு செய்தியைத் தவறவிடுகின்றன. ராதாவின் கலை, எழுதி முடிக்கப்படாத வசனத்தின் மேல் நின்ற கலை. அவரை அடக்க முயன்ற சட்டமும், அவரை ஏற்றுக்கொண்ட சினிமாவும் வசனத்தை முன்கூட்டியே எழுதி நிறுத்தக் கோரின. அவருடைய தொழில் வாழ்க்கையின் திருப்பங்களை இந்த முரண்பாட்டிலிருந்து விளக்கலாம். அதற்குப் பொருத்தமான களம் திருச்சி.

சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்த ராதாவின் தந்தை படைவீரர். முதல் உலகப் போரில் இறந்தார். வீட்டில் கோபித்துக்கொண்டு வெளியேறிய சிறுவன் ஆலந்தூர் நாடகக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். பிறகு ஜெகந்நாதய்யர் கம்பெனி உட்படப் பல குழுக்களில் வளர்ந்தான். பாய்ஸ் கம்பெனிகளின் பயிற்சி கடுமையானது. வாத்தியார் சொல்லிக்கொடுத்த பாடத்தைப் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும், பிசகினால் அடி. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என வேடங்கள் வகுக்கப்பட்டிருந்தன. பாட்டும் வசனமும் மனப்பாடம். இந்தக் கட்டுக்கோப்பில் ஒருவருக்கு மட்டும் விலக்கு உண்டு: பபூன். கதைக்கு வெளியே வந்து ஊர்ச் செய்தி பேசவும், முன்வரிசையில் இருப்பவரைக் கேலி செய்யவும், ஒரே வேடிக்கையை ஊருக்கு ஊர் மாற்றிச் சொல்லவும் அவனுக்கு உரிமை இருந்தது. ராதா பின்னாளில் செய்த பெரும் புதுமை, பபூனுக்கு மட்டும் இருந்த இந்த உரிமையைக் கதாநாயகனுக்கும் வில்லனுக்கும் எடுத்துக்கொடுத்ததுதான். கம்பெனி நாடகத்துக்கு வெளியிலிருந்து அவர் எதையும் கொண்டுவரவில்லை. அதன் உள்ளேயே ஓரத்தில் கிடந்ததை நடுவுக்கு நகர்த்தினார்.

கம்பெனி நாடகத்துக்குத் திருச்சி இயல்பான முகாம். தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடமாக இருந்த சந்திப்பு அது. படுதாக்களையும் சீன் சாமான்களையும் ஏற்றி இறக்கி, தஞ்சை, மதுரை, ஈரோடு என எத்திசைக்கும் கிளம்ப முடிந்தது. 1920களின் இறுதியில் பொன்மலைப் பணிமனை வந்த பிறகு, மாதச் சம்பளம் வாங்கும் தொழிலாளர் கூட்டம் ஒன்று ஊரோடு சேர்ந்தது. இரவுக் காட்சிக்குக் காசு கொடுத்து வரக்கூடிய, சங்கக் கூட்டங்களில் பேச்சுக் கேட்டுப் பழகிய கூட்டம் அது. ராதாவின் பார்வையாளர்களைப் பக்தர்கள் என்றோ ரசிகர்கள் என்றோ மட்டும் சொல்வது போதாது. மேடையிலிருந்து வரும் பேச்சுக்குப் பதில் குரல் கொடுக்கப் பழகியவர்கள் அவர்கள்.

ஊருக்குள்ளேயே வேறு இரண்டு நிகழ்த்துமுறைகளும் இருந்தன. காவிரிக்கு அக்கரையில், திருவரங்கம் கோயிலில், மார்கழி அத்யயன உற்சவத்தின்போது அரையர்கள் கூம்புக் குல்லாயும் கைத்தாளமுமாகத் திவ்வியப் பிரபந்தத்தை அபிநயித்து வருகிறார்கள். அங்கே பாசுரம் மாற்றக் கூடாதது. வழிவழியாகப் பெற்றதைச் சிதையாமல் கையளிப்பதே நிகழ்த்துபவரின் பெருமை. நகரத்தில் ரயில்வே அதிகாரி எஃப்.ஜி. நடேசய்யர் வளர்த்த ரசிக ரஞ்சனி சபா இருந்தது. அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக எம்.கே. தியாகராஜ பாகவதரைச் சிறுவயதிலேயே மேடையேற்றியது அதுதான். அங்கே பாட்டு ஆட்சி செய்தது. வசனம் அடுத்த பாட்டுக்குப் போகும் வழி. ராதாவின் மேடை மூன்றாவது முறை: பாசுரமும் இல்லை, பாட்டும் பெரிதில்லை, அன்றைய பேச்சே நாடகம். ஒரே ஊரில், ஒரே காலத்தில் இந்த மூன்றும் அடுத்தடுத்து இருந்ததால்தான் ராதாவின் விலகல் எவ்வளவு பெரிது என்பது தெரிகிறது.

திருச்சியில் முகாமிட்டிருந்த யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளையின் குழுவில் ராதா மூத்த நடிகராக இருந்த காலத்தில், சங்கிலியாண்டபுரத்துச் சிறுவர்கள் இருவர் அக்குழுவில் இருந்தார்கள். ஒருவர் பின்னாளில் காகா ராதாகிருஷ்ணன். மற்றவர் சிவாஜி கணேசன். ராதா சொந்தக் குழு தொடங்கியபோது கணேசன் சில காலம் அங்கும் இருந்தார். ஒரே பட்டறையில் பழகிய ராதாவும் கணேசனும் நேரெதிர்த் திசைகளில் போனார்கள் என்பது நடிப்பு வரலாற்றுக்கு முக்கியமான செய்தி. கணேசன் கம்பெனிப் பயிற்சியின் மனப்பாட வலிமையை உச்சத்துக்குக் கொண்டுபோனார். 'பராசக்தி'யில் (1952) கருணாநிதி எழுதிய வசனம் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒலித்தது. இசைத்தட்டாகவும் புத்தகமாகவும் பரவி, ஊர் ஊராக இளைஞர்கள் அதை ஒப்பித்தார்கள். ராதாவின் வசனத்தை அப்படி ஒப்பிக்க முடியாது. நேற்றைய வசனம் இன்று இல்லை.

திரைப்படத்தில் முதலில் 'ராஜசேகரன்' (1937), பிறகு 'சந்தனத்தேவன்', 'பம்பாய் மெயில்' (இரண்டும் 1939) போன்றவற்றில் நடித்துவிட்டு, 1940களின் தொடக்கத்தில் ராதா மேடைக்கே திரும்பினார். சினிமா அவரைக் கைவிட்டது என்று சொல்வதைவிட, சினிமா தராத ஒன்றை மேடை தந்தது என்பதே சரி. 'இழந்த காதல்', 'விமலா அல்லது விதவையின் கண்ணீர்', 'லட்சுமிகாந்தன்', 'போர்வாள்', கருணாநிதியின் 'தூக்குமேடை' ஆகியவை இக்காலத்து நாடகங்கள். 'இழந்த காதல்' நாடகத்தில் ஒரு காட்சி முழுவதும் அவர் சபைக்கு முதுகு காட்டி நடித்தது பெரும்பேச்சாயிற்று. கம்பெனி மரபில் அது குற்றம். முகமும் பாவமும் சபைக்குத் தெரிய வேண்டும் என்பது பாலபாடம். முதுகைத் திருப்பிக்கொண்டு குரலையும் தோள் அசைவையும் மட்டும் நம்பிய நடிகரின் துணிவைத் தொழில்நுட்பத் துணிவு என்றுதான் சொல்ல வேண்டும். கொள்கை இதில் இரண்டாம் பட்சம். பட்டுக்கோட்டை அழகிரி அவருக்கு அளித்த 'நடிகவேள்' பட்டம் கடைசிவரை நிலைத்தது.

திருவாரூர் கே. தங்கராசு எழுதிய 'இரத்தக்கண்ணீர்' 1949 பொங்கலன்று திருச்சியில் அரங்கேறியது. மேல்நாட்டுப் படிப்பும் செல்வமும் கொண்ட மோகனசுந்தரம், மனைவியைப் புறக்கணித்துத் தாசி காந்தாவிடம் எல்லாவற்றையும் இழந்து, தொழுநோயாளியாகத் தெருவுக்கு வருகிறான். முடிவில் தன் மனைவியை நண்பனுக்கு மணம் செய்துவைக்கிறான். கதைச் சட்டகம் எளிது, கொஞ்சம் பழையதும்கூட. அந்த எளிமையே அதன் பலம். எல்லோருக்கும் அடுத்து நடக்கப்போவது தெரிந்த கதை என்பதால், நடுவில் எவ்வளவு தூரம் விலகிப்போனாலும் திரும்பி வந்துவிடலாம். அன்று காலை நாளிதழில் வந்த செய்தி, ஊர்ப் பெரியவரின் நடத்தை, கோயில் நிர்வாகம், உணவுத் தட்டுப்பாடு எல்லாம் மோகனின் வாயில் நுழைந்தன. மறுநாள் வந்தவர் அதே நாடகத்தைப் பார்த்தார். அதே பேச்சைக் கேட்கவில்லை. ஒரே நாடகத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க ஆட்கள் வந்ததற்கு இதுவே காரணம்.

இந்நாடகத்தின் முற்போக்கை அப்படியே ஏற்பதில் ஒரு தடை உண்டு. தொழுநோயை ஒழுக்கக்கேட்டின் கூலியாகக் காட்டும் கதை, கர்மவினைக் கோட்பாட்டை வாசல் வழியே விரட்டிக் கொல்லைப்புறம் வழியே உள்ளே விடுகிறது. டாப்சோன் என்ற சல்போன் மருந்து 1940களின் இறுதியில் இந்தியாவில் பயனுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. தொழுநோய் ஒரு கிருமி நோய் என்பது அதற்கும் வெகு முன்பே தெரிந்த செய்தி. அறிவியல் பேசிய மேடையில் நோயாளி பாவியாகவே நின்றான். காந்தாவுக்குக் கிடைத்த தீர்ப்பும் அவளைத் தாசியாக்கிய அமைப்பின் மேல் விழவில்லை. ஆனால் ராதாவின் நடிப்பு இந்தக் கதையோடு ஒத்துப்போகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உடல் அழுகிய மோகனைப் பார்த்துச் சபை பரிதாபப்பட வேண்டும் என்பது கதையின் ஏற்பாடு. ராதாவின் மோகனோ அந்நிலையிலும் எல்லோரையும் எள்ளினான். பரிதாபத்துக்குரியவன் கடைசிவரை தன்னிரக்கம் கொள்ளாமல் நக்கலடித்துக்கொண்டே இருந்தது, எழுதியவர் வைத்த நீதியை ஓரளவு குலைத்தது.

1954 அவர் வாழ்வில் முடிச்சான ஆண்டு. அவ்வாண்டு அவர் நடத்திய 'இராமாயணம்' நாடகம் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. கம்பனின் காவியம் அரங்கேறியதாக மரபு சொல்லும் மண்டபம், திருவரங்கம் கோயிலில் தாயார் சந்நிதிக்கு எதிரே இருக்கிறது. ஆற்றுக்கு இக்கரையில் அதே கதையைத் தலைகீழாகச் சொல்லும் நாடகத்துக்கு நோட்டீஸ் ஒட்டினார்கள். மனம் புண்படுகிறவர்கள் வர வேண்டாம், அவர்கள் காசும் வேண்டாம் என்ற பொருளில் ராதா அறிவிப்புச் செய்ததைப் பலரும் குறிப்பிட்டிருக்கிறார்கள். அது சட்ட நுணுக்கம் அறிந்த குறும்பு. வந்து உட்கார்ந்தவர் பிறகு புகார் சொல்ல இடமில்லை. காமராசர் ஆட்சிக்காலத்தில், அதே ஆண்டில் சென்னை மாநில நாடக நிகழ்த்துகைச் சட்டம் நிறைவேறியது. சட்டமன்றத்தில் இந்த மசோதாவோடு சேர்ந்து அடிபட்ட பெயர் ராதா. 1876ஆம் ஆண்டு ஆங்கிலேயர் சட்டத்தின் இடத்துக்கு வந்த இச்சட்டம், மத உணர்வைப் புண்படுத்தும் நோக்குடைய நிகழ்ச்சியை ஆட்சேபத்துக்குரியது என்று வரையறுத்தது; நாடகப் பிரதியைக் கேட்டுப் பெறும் அதிகாரத்தையும் அரசுக்கு அளித்தது.

சட்டத்தின் குறி எழுத்துப் பிரதி. ராதாவின் நாடகமோ பிரதிக்கு வெளியே நடந்தது. காவல் நிலையத்தில் கொடுத்த தாளில் குற்றம் காண ஒன்றுமில்லை. மேடையில் கேட்டது தாளில் இல்லை. தடை விதித்தால் தலைப்பை மாற்றி அதே நாடகத்தைப் போடுவது, வேறு தலைப்பின் கீழ் பழைய காட்சிகளை நுழைப்பது என அவர் கையாண்ட வழிகள் வெறும் தந்திரங்களாகச் சொல்லப்பட்டு வருகின்றன. அவை தந்திரங்கள்தான். ஆயினும் பாடம் மாறினால் நாடகம் கெடும் என்ற நிலையில் இருந்த எந்தக் குழுவாலும் அவற்றைச் செய்திருக்க முடியாது. அடக்குமுறையே அவருக்கு அந்த நடிப்புமுறையைக் கற்றுக்கொடுத்தது என்பது மிகை. அதை மேலும் கூர்மையாக்கியது என்பது உண்மை.

அதே 1954இல் 'இரத்தக்கண்ணீர்' திரைப்படமாக வந்தது. நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள் தயாரிக்க, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கினார்கள். 'பராசக்தி'யை எடுத்த அதே கூட்டணி. எம்.என். ராஜம் காந்தாவாகவும், ஸ்ரீரஞ்சனி மனைவியாகவும், எஸ்.எஸ். ராஜேந்திரன் நண்பனாகவும் நடித்தார்கள். நாடகங்களுக்கு இடையூறு இல்லாமல் படப்பிடிப்பு நடக்க வேண்டும் என்று ராதா நிபந்தனை போட்டதாகச் சொல்வார்கள். தணிக்கைக் குழு பார்க்கும் படத்தில் அன்றன்றைய பேச்சுக்கு இடமில்லை. ஆனால் மேடையின் தடயம் ஓரிடத்தில் தெளிவாகப் பதிந்திருக்கிறது. சி.எஸ். ஜெயராமன் குரலில் வரும் சோகப்பாட்டின் அடிகளுக்கு நடுவே ராதா குறுக்கிட்டுப் பேசுகிறார். பாட்டு உருக்கத்தை எழுப்புகிறது, பேச்சு அந்த உருக்கத்தை உடைக்கிறது, மறுபடி பாட்டு. ரசிக ரஞ்சனி மரபில் வந்த இசை நாடகத்தையும் தன் மேடையையும் ஒரே காட்சியில் மோதவிட்டது போலிருக்கிறது அது. தமிழ்ப் படங்களில் பாட்டை இவ்வளவு மரியாதைக் குறைவாக நடத்திய காட்சி அதற்கு முன் அரிது. அதுவே படத்தின் மிகப் புகழ்பெற்ற பகுதியாயிற்று.

அதன்பின் வந்த படங்களில் எழுதிக்கொடுத்த வசனத்தைத்தான் அவர் பேசினார். மேடையில் சொல்லுக்கு இருந்த சுதந்திரம் இங்கே குரலுக்கு இடம் மாறியது. கீச்சுக் குரலில் தொடங்கி நடுவில் கரகரப்புக்கு விழுவது, ஒரு சொல்லை இழுத்து அடுத்ததை விழுங்குவது, எதிரில் இருப்பவரிடம் பேசிக்கொண்டே பார்வையை வேறெங்கோ ஓட்டுவது ஆகியவற்றால், எழுதப்பட்ட வாக்கியத்துக்கு எழுதியவர் நினைக்காத பொருளை ஏற்றினார். 'பாவ மன்னிப்பு' (1961) போன்ற படங்களில் வில்லன் வசனம் தாளில் படித்தால் சாதாரணம். அவர் வாயில் அது ஏளனமாகிறது. 'பலே பாண்டியா'வில் (1962) இரட்டை வேடம். அதில் கணேசனோடு மாமனாராகச் சேர்ந்து வரும் சங்கீதக் காட்சியில், ஸ்வரத்தின் தீவிரத்தை முகத்தாலும் தொண்டையாலும் கலைக்கிறார். திருச்சிக் குழுவின் பழைய சகாக்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்த அக்காட்சியில் இரண்டு நடிப்புமுறைகளின் வேறுபாட்டை ஒருசேரக் காணலாம். கணேசன் பாத்திரத்துக்குள் முழுதாக இறங்குகிறார். ராதா பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அதைக் கேலி செய்கிறார். ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் கோட்பாடாக எழுதியதற்கு இது அருகில் வருகிறது என்பர். ஒற்றுமை உண்மைதான், ஆனால் ராதாவுக்கு அது பபூனிடமிருந்து வந்தது, பெர்லினிலிருந்து வரவில்லை.

1967 ஜனவரி 12இல் எம்.ஜி. இராமச்சந்திரனைச் சுட்ட வழக்கு அவரது திரைவாழ்வை ஏறக்குறைய முடித்துவைத்தது. ஏழாண்டுச் சிறைத்தண்டனை மேல்முறையீட்டில் குறைய, 1971இல் வெளிவந்தார். சிறை நினைவுகளை எழுத்தாளர் விந்தனிடம் சொல்ல, அவை நூலாயின. பேச்சு நடையிலேயே அமைந்த அந்நூல் அவரது மேடைக் குரலுக்கு எழுத்தில் கிடைத்த நெருங்கிய சான்று. 'சமையல்காரன்' (1974) போன்ற சில படங்களில் நடித்தார், நாடகத்தையும் விடவில்லை. 1979 செப்டம்பர் 17 அன்று திருச்சியில் காலமானார். பகுத்தறிவு இயக்கத் தலைவர் பெரியாரின் நூற்றாண்டு நிறைவு நாள் அது.

அவர் பெயரோடு சேர்ந்து பிறந்த 1954ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குப் பின்னும் நடைமுறையில் இருந்தது. காவல் துறையிடம் பிரதி கொடுத்து ஒப்புதல் பெறும் வழக்கம் சிறு நாடகக் குழுக்களை நீண்ட காலம் நெருக்கியது. எழுத்தாளரும் பரீக்ஷா நாடகக் குழுவை நடத்தியவருமான ஞாநி தொடுத்த வழக்கில், அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசமைப்புக்கு முரணானவை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது.