கடத்தின் பக்கம் உட்கார்ந்து கேட்டால்: சக்தி குழுவின் ஏழு ஆல்பங்கள்

ப்ரோக்ரெஸிவ் ராக் கேட்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு பேண்ட் பிடித்துப்போய்விட்டால் அதன் ஆல்பங்களை வரிசைப்படுத்தாமல் தூக்கம் வராது. கிங் க்ரிம்ஸனுக்கு எது முதல், யெஸ் குழுவுக்கு எது கடைசி, பிங்க் ஃப்ளாய்டில் நடுவே எதை எங்கே செருகுவது என்று ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சண்டை போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன். ஆனால் சென்னை கச்சேரி மேடையிலிருந்து போனவர்கள் பாதிப் பாரத்தைத் தூக்கிய ஒரு குழுவை நம்மில் யாரும் இப்படி உட்கார்ந்து அலசிப் பார்ப்பதில்லை. சக்தியைச் சொல்கிறேன்.

"அது ராக்கே இல்லையே" என்பீர்கள். சரிதான். முதல் மூன்று ஆல்பங்களில் டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது, மின்சார கிதாரும் கிடையாது. ஆனால் அது கிளம்பி வந்த இடம் ராக். யார்க்ஷயரில் பிறந்த ஜான் மெக்லாலின், மைல்ஸ் டேவிஸோடு வாசித்துவிட்டு, 1971-ல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவை ஆரம்பித்தார். 'தி இன்னர் மவுண்டிங் ஃப்ளேம்', 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' இரண்டும் இன்றைக்கும் ப்ரோக் பட்டியல்களில் வந்து நிற்கும். இரட்டைக் கழுத்து கிதார், காது கிழியும் சத்தம், எண்ண முடியாத தாளங்கள். ஏழு எண்ணிக்கையில் வாசித்தால் அந்த ஊர் ரசிகர்கள் மூச்சுவிட மறந்துபோவார்கள். நம்ம ஊரில் அதன் பெயர் மிஸ்ர சாபு. பஜனை மடத்தில் தாத்தாக்கள் தொடையில் தட்டிக்கொண்டு தூங்கி வழிகிற கணக்கு.

மெக்லாலினுக்கு இது தெரிந்துவிட்டது என்பதுதான் கதை. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொள்ளப் போனார். அதே வளாகத்தில் எல். சங்கர் ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1958 கலவரத்துக்குப் பிறகு சென்னைக்குத் திரும்பிய வயலின் குடும்பத்துப் பிள்ளை. ராம்நாட் ராகவன் அங்கே மிருதங்கம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கலிஃபோர்னியாவிலிருந்து தபலாவோடு ஜாகிர் உசேன். சென்னையிலிருந்து கடத்தோடு விக்கு விநாயக்ராம். உலகத்தின் மிக வேகமான மின்சார கிதார்க்காரர் என்று பேர் வாங்கிய மனுஷன், பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சம்மணம் போட்டு இவர்களோடு உட்கார்ந்துவிட்டார்.

வரிசைப்படுத்த ஓர் அளவுகோல் வேண்டுமே. கிதாரை வைத்து அளந்தவர்கள் நிறையப் பேர். நான் கடத்தை வைத்து அளக்கப்போகிறேன்.

கச்சேரி மேடையில் கடம் உபபக்கவாத்தியம். பாடகர் நடுவில், வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம், கடம் கொஞ்சம் பின்னால். மிருதங்கம் இடம் விட்டால் வாசிக்கலாம். விடாவிட்டால் தாளம் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தனியாவர்த்தனத்தில் ஒரு சுற்று கிடைக்கும். அதற்குள் ஒரு கூட்டம் காபி குடிக்கக் கிளம்பியிருக்கும். வாத்தியமும் அப்படிப்பட்டதுதான். மானாமதுரை மண்ணைச் சுட்டு எடுத்த பானை. வாரை இழுத்து ஸ்ருதி ஏற்ற முடியாது. ஸ்ருதி மாறினால் வேறு பானையைத்தான் எடுக்க வேண்டும். விநாயக்ராமின் அப்பா ஹரிஹர சர்மா 1958-ல் சென்னையில் ஸ்ரீ ஜெய கணேஷ் தாளவாத்திய வித்யாலயாவைத் தொடங்கியவர். அந்த வீட்டில் யாருக்கும் கடம் சின்ன வாத்தியமாகத் தெரிந்திருக்காது. மேடைக்குத்தான் அப்படித் தெரிந்தது.

அந்தக் கணக்குப்படி முதல் இடம் 1976-ல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்கு: 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'. பெரும்பாலானவர்கள் முதல் ஆல்பத்தைத்தான் முதலில் வைப்பார்கள். எனக்கு இதுதான். காரணம் ரொம்ப எளிமையானது. ராகவன் குழுவில் இல்லை. மிருதங்கக்காரர் உட்கார வேண்டிய இடம் காலி. விநாயக்ராமே மிருதங்கத்தையும் அங்கங்கே வாசித்திருக்கிறார் என்றாலும், கர்நாடகத் தாளத்தின் முழுச் சுமையும் இப்போது கடக்காரர் தலையில். ஒதுங்கி நின்ற வாத்தியம் வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்ட மாதிரி.

லண்டன் ட்ரைடென்ட் ஸ்டூடியோவில் பதிவு செய்தது. முதல் பாட்டு 'லா டான்ஸ் து பொனூர்' கொன்னக்கோலில் ஆரம்பிக்கிறது. கிதார் இல்லை, வயலின் இல்லை, வாய்ச்சொல் மட்டும். 1976-ல் ஒரு அமெரிக்க கம்பெனி ரிக்கார்டை ஊசியில் வைத்த ஆளுக்கு முதலில் கேட்டது தகதிமி என்றால் அவன் முகம் எப்படி இருந்திருக்கும்! பிறகு 'இண்டியா', 'ஐசிஸ்' என்ற இரண்டு நீளமான பாட்டுகள். 'ஐசிஸ்' மட்டும் கால் மணி நேரம். ஜாகிரும் விநாயக்ராமும் பேசிக்கொள்ளும் இடங்களைக் கவனியுங்கள். தபலாவின் கும்கி ஒரு பக்கம் வளைகிறது. கடத்தின் வாயை வயிற்றில் அழுத்தித் திறக்கும்போது வருகிற அடித்தொனி இன்னொரு பக்கம். பேஸ் கிதார் இல்லாத குழுவுக்கு பேஸ் இதுதான். பானை தனியாக வயிறு தனியாக இல்லை. ரெண்டும் சேர்ந்துதான் வாத்தியம். 'டூ சிஸ்டர்ஸ்' என்ற கடைசிப் பாட்டில் எல்லா ஆர்ப்பாட்டமும் அடங்கி கிதாரும் வயலினும் மெதுவாகப் பேசும். அதைப் பற்றி எழுதுவதைவிட ஒருமுறை கேட்பது நல்லது.

இரண்டாவது இடம், 'சக்தி வித் ஜான் மெக்லாலின்'. 1975 ஜூலையில் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நேரடியாகப் பதிவானது. மொத்தமே மூன்று பாட்டு. 'ஜாய்' பதினெட்டு நிமிடம். 'லோட்டஸ் ஃபீட்' ஐந்து நிமிடத்துக்குள். அப்புறம் ஒரு முழுப் பக்கத்தையும் அடைத்துக்கொள்ளும், ஒரு மூச்சில் பேரைச் சொல்ல முடியாத, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சமே குறைவான பாட்டு. நான் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். சாயங்கால லோக்கலில் ஏறி அந்தப் பாட்டைப் போட்டால் கவரைப்பேட்டை, பொன்னேரி, அனுப்பம்பட்டு எல்லாம் போய் மீஞ்சூர் வாக்கில்தான் முடியும். ரயில் சத்தத்தில் மிருதங்கத்தின் தொப்பி ஒலி அமுங்கிப்போகும். தபலாவும் பாதி போய்விடும். கடத்தின் கழுத்தில் விழுகிற நகத்தின் ஒலி மட்டும் சக்கரச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு வரும். இந்த வரிசையே ஒருவேளை எனக்கு அந்த ரயிலில்தான் தோன்றியிருக்கும்.

'ஜாய்' போகிற வேகம் மகாவிஷ்ணுவின் வேகம்தான். ஆனால் சத்தத்தின் முதுகில் சவாரி செய்யாத வேகம். மெக்லாலினுக்காக கிப்ஸனில் தனியாகச் செய்த கிதார் அது. விரல் பதியும் பலகையை வீணை மெட்டுகளுக்கு நடுவே இருப்பதுபோலக் குழித்து, குறுக்கே அனுஸ்ருதித் தந்திகள் கட்டியது. கமகத்துக்காக வாத்தியத்தையே மாற்றிக்கொண்டார். இங்கே வந்து ஒரு சிதாரை வாங்கி ரெண்டு பாட்டில் டொய்ங் என்று மீட்டிவிட்டுப் போன ராக் நட்சத்திரங்களுக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் இதில் இருக்கிறது. பிறகு ஏன் இரண்டாம் இடம்? மேடையில் எல்லாரும் எல்லா நேரமும் ஓடுகிறார்கள். அடுத்த ஆல்பத்தில்தான் நிற்கவும் கற்றுக்கொண்டார்கள்.

மூன்றாவது இடத்துக்கு இருபது வருஷம் தாண்டிப் போக வேண்டும். 1997-ல் இங்கிலாந்தில் நடந்த கச்சேரிகளின் பதிவு, 1999-ல் இரண்டு சிடியாக வந்த 'ரிமெம்பர் சக்தி'. சங்கர் இல்லை, ஹரிபிரசாத் சௌராசியாவின் பாஸுரி இருக்கிறது. ஜாகிர், விநாயக்ராம், மெக்லாலின் பழைய இடத்தில். ஆனால் மெக்லாலின் கையில் இப்போது மின்சார கிதார், மெல்லிய குரலில். 'முக்தி' என்ற பாட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல். வயசானவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற நிதானம். சில இடங்களில் பேச்சு ரொம்ப நீளுகிறது, அதுவும் உண்மை.

இந்த இடத்தில் 'லோட்டஸ் ஃபீட்' பற்றி ஒரு வார்த்தை. 1975-ல் வயலினோடு, 1997-ல் குழலோடு, 1999-ல் மாண்டலினோடு, மூன்று முறை அதே சின்ன மெட்டு ஆல்பத்தில் ஏறியிருக்கிறது. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் இந்தக் குழுவின் சரித்திரம் பாதி தெரிந்துவிடும். முதலாவதில் சங்கரின் வில் மெட்டை விட்டு விலகத் துடிக்கிறது. சௌராசியா அதைத் தன் சொந்த ராகம் மாதிரி எடுத்து நீட்டுகிறார். ஸ்ரீநிவாஸ் வாசிக்கும்போது குழந்தை தூக்கத்தில் சிரிப்பது போல வந்துவிட்டுப் போகிறது. எனக்குப் பிடித்தது மூன்றாவது.

அந்த மூன்றாவது இருக்கும் ஆல்பம்தான் நான்காவது இடம்: 2000-ல் வந்த 'தி பிலீவர்'. முந்தைய வருஷத்து ஐரோப்பியக் கச்சேரிகள். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் உள்ளே வருகிறார். விநாயக்ராமின் இடத்தில் அவர் மகன் செல்வகணேஷ், கையில் கஞ்சிராவோடு. கஞ்சிராவும் கச்சேரியில் உபபக்கவாத்தியம்தான், உள்ளங்கை அளவு தோல். அப்பா திறந்த கதவு வழியாக மகன் இன்னொரு கடைசி பெஞ்ச் வாத்தியத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறார். ஸ்ரீநிவாஸும் மெக்லாலினும் ஒருவரையொருவர் துரத்தும் இடங்களில் யார் கிதார், யார் மாண்டலின் என்று குழம்பும். துடிப்பு என்று பார்த்தால் இதை மூன்றாவதாகவே வைக்கலாம். விநாயக்ராமின் பானை இல்லாமல் எனக்கு ஏதோ குறைகிறது. இது நியாயமில்லைதான். 2014-ல் ஸ்ரீநிவாஸ் 45 வயதில் போய்விட்டார். அதற்குப் பிறகு இந்த ஆல்பத்தை எடைபோட்டுக் கேட்பது கஷ்டமாக இருக்கிறது.

ஐந்தாவது, பழைய குழுவின் கடைசி ஆல்பமான 1977-ன் 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்'. எட்டுப் பாட்டு. எதுவும் பத்து நிமிடத்தைத் தொடவில்லை. 'மைண்ட் ஈகாலஜி' என்ற முதல் பாட்டு பிரமாதம், இரண்டாவது ஆல்பத்திலேயே இருந்திருக்கலாம். அதற்கப்புறம் பாட்டின் பேர்களைப் பார்த்தாலே தெரியும்: 'கம் ஆன் பேபி டான்ஸ் வித் மீ'! மின்சாரச் சத்தத்தை எதிர்பார்த்து வந்த மகாவிஷ்ணு ரசிகர்கள் முதல் இரண்டு ஆல்பங்களிலேயே முழித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்காகச் சுருக்கினார்களோ என்னவோ, கேட்டால் அப்படித்தான் இருக்கிறது. கோர்வை கட்டி ஏறுவதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. மூன்று நிமிடத்தில் கடம் என்ன செய்யும்? தாளம் போடும். திரும்பப் பின்வரிசை. ஆல்பம் வந்த கொஞ்ச நாளில் குழுவும் கலைந்தது.

ஆறாவது இடம் சொன்னால் அடிக்க வருவீர்கள். 2023-ன் 'திஸ் மொமென்ட்'. 1977-க்கு அப்புறம் சக்தியின் முதல் ஸ்டூடியோ ஆல்பம். 2024 பிப்ரவரியில் கிராமி வாங்கியது. சங்கர் மகாதேவன் குரல், கணேஷ் ராஜகோபாலன் வயலின், செல்வகணேஷ் தாளம். ஸ்ரீநிவாஸின் நினைவாக 'ஸ்ரீனிஸ் ட்ரீம்' என்று தொடங்குகிறது. அழகாகத்தான் இருக்கிறது. ரொம்பத் துடைத்து வைத்த அழகு. ஆளுக்கொரு ஊரிலிருந்து வாசித்து அனுப்பிச் சேர்த்த பதிவில், ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துத் தப்பித்து அறுதியில் வந்து விழுகிற பயம் இருக்காது. அந்த பயம்தான் சக்தி. விநாயக்ராமுக்கு 1992-லேயே, மிக்கி ஹார்ட்டின் 'ப்ளானெட் டிரம்' மூலமாக, கிராமி பெருமை வந்துவிட்டது. ஜாகிரும் அதில் இருந்தார். 2024 டிசம்பரில் ஜாகிரும் போனார். அதனால் இதுவே அவர் வாசித்த கடைசி சக்தி ஸ்டூடியோ ஆல்பம். அந்தத் துக்கத்துக்காக ஓர் இடம் ஏற்றி வைக்கத் தோன்றியது. வைக்கவில்லை.

கடைசி: 'சாட்டர்டே நைட் இன் பாம்பே', 2001. முந்தைய டிசம்பரில் மும்பையில் பதிவானது. சிவகுமார் சர்மாவின் சந்தூர், தேபாஷிஷ் பட்டாச்சார்யாவின் ஸ்லைடு கிதார், சிவமணியின் டிரம்ஸ், சங்கர் மகாதேவன். கல்யாண ரிசப்ஷன் மாதிரி. எல்லாரும் பெரிய மனுஷர்கள், எல்லாருக்கும் ஒரு மாலை போட்டாக வேண்டும். நால்வர் பேசியபோது கேட்ட வாக்குவாதம் இங்கே இல்லை, வாழ்த்துரை இருக்கிறது. 'ஷ்ருங்கார்' இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் சந்தூரின் தனிக் கச்சேரி. நல்ல கச்சேரி, சக்தி இல்லை.

ஆனால் இதற்குள் 'கிரிராஜ சுதா' இருக்கிறது. பங்காள ராகத்தில் தியாகராஜர் செய்த கிருதி, சங்கர் மகாதேவன் பாடியது. வெஸ்லியனில் வீணை கற்கப்போன ஆள், கடைசியில் கிருதிக்குப் பின்னால் கிதாரோடு பக்கவாத்தியமாக உட்கார்ந்திருக்கிறார். தியாகராஜர் எங்கள் லைனுக்கும் வந்தவர்தான். வீணை குப்பய்யர் அழைத்து, திருவொற்றியூர் அம்மன்மேல் ஐந்து கிருதிகள் செய்திருக்கிறார். ஆல்பத்தில் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் போனில் தனியாக வைத்திருக்கிறேன். விம்கோ நகர் தாண்டியதும் போடுவேன்.